மல்லிகை எலிகளின் பரம்பரை

ஜீலானி வெஸ்லாத்தி காதில் பூ இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். துனிஸில் கோடை வந்தால் ஆண்கள் காதில் மல்லிகை வைப்பதொன்றும் புதிதல்ல. மொட்டாகப் பறித்து, ஒவ்வொன்றையும் காய்ந்த புல் தண்டில் செருகி, நூல் சுற்றிக் கட்டிய சின்னச் செண்டு. மஷ்மூம் என்று பெயர். மற்றவர்கள் அதைச் சாயங்காலம் காப்பிக்கடைக்குப் போகும்போது வைப்பார்கள். ஜீலானி காலை ஏழு மணிக்கே வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். குளிர்காலத்தில் பூ கிடைக்காதே என்று யாரும் அவருக்காகக் கவலைப்பட வேண்டாம். மல்லிகை அத்தரில் நனைத்த பஞ்சு காது மடிப்புக்குள் ஏறிவிடும்.

இத்தனைக்கும் மனிதர் கடற்கரைப் பக்கத்து ஆள் இல்லை. உள்நாட்டு மலையில், கெஸ்ராவில் பிறந்தவர். அங்கே அத்திமரம் உண்டு, ஆடு உண்டு, காதில் பூ வைத்துக்கொண்டு போனால் கல்லால் அடிக்க ஆளும் உண்டு. துனிஸுக்கு வந்த நாலாம் நாள் நகரத்து ஆண்களின் காதைப் பார்த்தார், இதுதான் நாகரிகம் என்று பிடித்துக்கொண்டார். நகரத்துக்காரர்களே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை.

"என்ன ஸீ ஜீலானி, இன்னிக்கும் கல்யாணமா?" என்பார் பஸ் கண்டக்டர். ஸீ என்றால் அந்த ஊரில் ஐயா.

"பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கேன். கிடைச்சா உனக்குத்தான் மொதல்ல சொல்வேன்" என்பார் ஜீலானி. வீட்டில் மனைவி மனூபியா, அந்தச் செண்டை விடியற்காலையில் கட்டிக் கொடுத்தவள், இதைக் கேட்டிருந்தால் அடுத்த நாள் வெறும் புல்லைத்தான் கட்டிக் கொடுத்திருப்பாள்.

வேலை என்னவென்றால் எலி மேய்ப்பது. ஊர் எல்லையில் ஒரு மேட்டின் மேல் மணம் பற்றிய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே முதல் அறையில் இருநூறு கூண்டுகள். தீனி போட வேண்டும், தண்ணீர்ப் புட்டி மாற்ற வேண்டும், மரத்தூள் அள்ள வேண்டும், எந்தத் தாய் எந்தத் தேதியில் எத்தனை குட்டி போட்டது என்று அட்டையில் குறிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஜீலானி இதைச் செய்துவந்தார், தற்காலிக ஊழியராக. ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருஷத்துக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நிரந்தரமாக்கக் கேட்ட மனு மட்டும் பன்னிரண்டு வருஷமும் டைரக்டரின் மேஜை இழுப்பறையிலேயே தூங்கியது. இடையில் மந்திரிகள் வந்தார்கள், போனார்கள், ஒருவர் ஜெயிலுக்கும் போனார். மனு எழுந்திருக்கவில்லை.

இந்த மனுதான் ஜீலானியின் வாழ்க்கை. காரணம், மனூபியாவின் தம்பி பூராவி. தபால் நிலையத்தில் வாசல் காவல், ஆனால் நிரந்தரம். கதவைத் திறந்து மூடுகிற அந்த வேலைக்கு ஊழியர் எண் உண்டு, மருத்துவ அட்டை உண்டு, பென்ஷன் உண்டு. வெள்ளிக்கிழமை குஸ்குஸ் சாப்பிட வரும்போதெல்லாம் மாமிசத் துண்டை முதலில் எடுத்துக்கொண்டு, "மச்சான், உங்க எலிங்களுக்காவது பென்ஷன் உண்டா?" என்று கேட்பான். மனூபியா தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிவுதான் ஜீலானிக்குத் தொண்டையில் எலும்பாக நிற்கும்.

டைரக்டர் டாக்டர் ஷெட்லி பழைய துனிஸ் குடும்பம். நானூறு வருஷத்துக்கு முன் அந்தலூஸ் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்பதை, கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவர் நாற்காலிக்குப் பின்னால் குடும்ப மரம் சட்டம் போட்டுத் தொங்கியது. பிறப்புதான் எல்லாம் என்பது அவருக்கு விஞ்ஞானத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். விஞ்ஞானம் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அதற்காகத்தான் எலிகள். எலியின் மூக்குக்குள் மணம் பிடிக்கும் செல்கள் ஏறக்குறைய ஆயிரம் வகை. ஒவ்வொரு வகைக்கும் சில மணங்கள்தான் பிடிபடும். மூக்கில் எங்கே கிடந்தாலும் ஒரே வகைச் செல்கள் எல்லாம் தங்கள் இழைகளை மூளையின் முன்பக்கத்தில் ஒரே முடிச்சில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்தது. டாக்டர் ஷெட்லி ஒரு படி மேலே போனார். எந்த முடிச்சு பெரிசு, எந்த மணத்தின் பின்னால் எலி ஓடும் என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது, வளர்ப்புக்கு அதில் வேலையே இல்லை என்றார். சாட்சிக்கு முதல் அறை எலிகளைக் காட்டினார். மல்லிகை மணத்தைக் கண்டால் அவை விழுந்தடித்து ஓடின. மூளையை அறுத்துப் பார்த்தால் மல்லிகைக்கான முடிச்சுகள் கொழுத்துக் கிடந்தன. இரண்டாம் அறை எலிகள் மல்லிகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் அறைக்கு 'உயர்குடி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அந்த உயர்குடியின் முதல் ஜோடியை அவர் கண்டுபிடித்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன். அதே வருஷம்தான் முதல் அறைக்கு ஜீலானி வந்தார். இரண்டாம் அறையைப் பார்த்துக்கொண்ட ஸாதியாவுக்குப் பூ என்றாலே தும்மல். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பவள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்தக் கட்டடத்தில் இருந்த ஒன்பது பட்டதாரிகளில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. நான்காவது விதி: வாசனைத் திரவியம் பூசியவர்கள் எலி அறைக்குள் வரக் கூடாது. ஜீலானி அதைப் படிக்காதவர் இல்லை. "வாசனைத் திரவியம்னா கடைல வாங்குறது. பூ செடில வர்றது" என்று ஸாதியாவிடம் சட்டம் பேசுவார். குளிர்கால அத்தர் எந்தச் செடியில் புட்டியோடு காய்க்கிறது என்று அவள் கேட்டால், தண்ணீர் மாற்ற வேண்டும் என்று நகர்ந்துவிடுவார். டைரக்டர் வருஷத்துக்கு இரண்டு முறை அறைக்கு வருவார். அப்போது செண்டைச் சட்டைப்பைக்குள் போடும் அளவுக்கு ஜீலானிக்கு மரியாதை தெரியும். அது போதுமா என்றால் போதும். மணத்தைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய டாக்டர் ஷெட்லி, நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்து, பக்கத்தில் வீடு எரிந்தாலும் தெரியாத மூக்கோடு உலவினார்.

எலிகள் தன்னை நேசிக்கின்றன என்று ஜீலானி நம்பினார். கூண்டைத் திறந்து குனிந்தால் போதும், கம்பியோடு ஒட்டிக்கொண்டு மூக்கைத் தூக்கும். "பாத்தியா, சொந்தத் தங்கச்சி மகன் கூட இப்படி ஓடி வந்ததில்ல" என்பார். பெருமையில் அவருக்கும் டாக்டருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருவர் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், ஒருவர் காதில் மாட்டியிருந்தார்.

ஜூன் கடைசியில் கடலுக்கு அக்கரையில், மார்ஸே ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. உயர்குடி எலிகள் ஆறு ஜோடியை அங்கே அனுப்பியிருந்தார்கள். போன எலிகள் மல்லிகைக்கு ஓடினவாம், அங்கே பிறந்த குட்டிகள் ஒன்றுகூட ஓடவில்லையாம். செப்டம்பரில் நேரில் வந்து பார்க்கிறோம், அதற்குள் உங்கள் இடத்தில் புதிதாகப் பிறக்கும் குட்டிகளைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் ஷெட்லி சிரித்தார். "அவங்க தண்ணி சரியில்ல" என்றார்.

ஜீலானியைக் கூப்பிட்டு, முதல் முறையாக உட்காரவும் சொன்னார். "இந்த விசிட் நல்லபடியா முடியட்டும். உன் மனுவுல நான் கையெழுத்துப் போடறேன்."

"இன்ஷா அல்லாஹ், டாக்டர்."

"இன்ஷா அல்லாஹ் எல்லாம் அப்புறம். மொதல்ல கட்டடத்தச் சுத்தம் பண்ணு."

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்றால் இந்த நாட்டில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். செத்த மரத்துக்கும் அடிமரத்தில் வெள்ளை அடித்தார்கள். எல்லாருக்கும் புதுக் கோட்டு, மணமில்லாத சோப்பு. நாளைக்கு மூன்று வேளை தரை, சுவர், கூண்டு, கதவுப் பிடி எல்லாவற்றையும் பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைக்க உத்தரவு. மனு நினைப்பிலேயே இருந்த ஜீலானி, ஜூலை நடுவில் செண்டைக் கழற்றி வீட்டில் வைத்தார். மனூபியா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்சாதனம் அடிக்கும் அந்த அறையில் அவர் வாளியும் துடைப்பமுமாக எட்டு வாரம் மாரடித்தார். அந்த எட்டு வாரத்துக்குள்தான் புதுக் குட்டிகள் பிறந்தன. கண் திறக்காமல், காது திறக்காமல், மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு தாயின் முலையைத் தேடித் தவழ்ந்தன.

செப்டம்பரில் மார்ஸேயிலிருந்து மதாம் வெர்நோ என்ற அம்மாள் வந்தார். கூடவே பேசாத இரண்டு ஆண்கள். சோதனைப் பெட்டி மேஜை மேல் இருந்தது. இரண்டு பக்கமும் கிளை பிரியும் பெட்டி, கோடியில் கம்பி வலை. இடது கோடியில் மல்லிகைப் பஞ்சு, வலது கோடியில் வெறும் பஞ்சு. டாக்டர் ஷெட்லி அந்தலூஸிலிருந்து ஆரம்பித்து ஒரு சிற்றுரை ஆற்றினார். பிறகு முதல் எலியை விட்டார்கள். அது வலப்பக்கம் போனது.

இரண்டாவதும் வலப்பக்கம். மூன்றாவதும்.

"புது முகம் பாத்துப் பயப்படுது" என்றார் டாக்டர்.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றும் வலது வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு, தாய்வீடு வந்த பெண் மாதிரி நின்றது. மதாம் வெர்நோ பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். வலது மூலையில், திரைக்குப் பின்னால் ஜீலானி அவசரத்தில் ஒளித்துவைத்த பிளீச்சிங் வாளி இருந்தது. அம்மாள் எழுந்தார், வாளியைத் தூக்கி இடது மூலையில் வைத்தார். எட்டாவது எலி இடப்பக்கம் ஓடியது. வாளி நகர்ந்ததைக் கவனிக்காத டாக்டர், "பாத்தீங்களா" என்று எழுந்தேவிட்டார். அம்மாள் வாளியைத் தூக்கி நடுவில், பெட்டியின் பின்னால் வைத்தார். ஒன்பதாவது எலி பின்சுவரைப் பிறாண்டியது. வாளியை வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார். பத்தாவது எலி நட்டநடுவில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. டாக்டர் ஷெட்லிக்குத் தன் வீட்டிலேயே மூக்கறுபட்டது.

பெரிய படிப்புக்காரர்கள் எலியையே பார்த்துக்கொண்டிருந்தபோது கேள்வி கேட்டது துர்ரா. அந்த வருஷம்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண். "ஸீ ஜீலானி, இந்த எட்டு வாரத்துல இந்த ரூம்ல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலயே பின்தி, என் மகளே. அதே தீனி, அதே தூள். பிளீச்சிங் மட்டும் டாக்டர் சொன்னாருன்னு." மனு ஞாபகம் வந்து, தன் தியாகத்தையும் நாலு பேர் அறியட்டும் என்று நினைத்தார். "அப்புறம் நான் காதுல பூ வைக்கிறத நிறுத்திட்டேன். பன்னெண்டு வருஷத்துல மொதத் தடவை."

"என்ன பூ?"

"மல்லிகைதான். வேற என்ன பூவ வைப்பான் மனுஷன்?"

மதாம் வெர்நோ பேனாவை எடுத்தார்.

துர்ரா ஜீலானிக்குப் பொறுமையாகச் சொன்னாள். குட்டி பிறந்த முதல் வாரம், பத்து நாளில் மூக்கின் இழைகள் மூளையில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். பால், தாயின் சூடு, இவற்றோடு சேர்ந்து எந்த மணம் தொடர்ந்து வருகிறதோ, அதற்கான முடிச்சு பெருத்துவிடும். வளர்ந்த பிறகும் அந்த மணம் வந்தால் கால் தானாக ஓடும். "நீங்க குனிஞ்சு குனிஞ்சு தீனி போட்டீங்க. உங்க பூதான் அதுங்களுக்கு மொதல் சேதி. இந்தத் தடவை வாளி குனிஞ்சுது."

"அப்ப என் மேல பிரியம் இல்லையா?"

"வாளி மேல இருக்கிற அளவு இருக்கு, ஸீ ஜீலானி."

அவருக்கு அது சுருக்கென்று குத்தியது. பன்னிரண்டு வருஷம் ஓடி வந்தவை எல்லாம் தன்னிடம் வரவில்லை என்றால், அந்த அறையில் தான் யாராக இருந்தோம் என்று புரியாமல் கையைப் பிசைந்தார். அதற்குள் டாக்டர் ஷெட்லிக்கு மூச்சு திரும்பிவிட்டது.

"நாலாம் விதி," என்று கத்தினார். "பன்னெண்டு வருஷம் என் ஆராய்ச்சிய நாசம் பண்ணியிருக்கான். தற்காலிக ஊழியன் விதிய மீறினா என்ன தண்டனைன்னு தெரியுமா உனக்கு? வீட்டுக்குப் போ. மனுவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

ஜீலானி கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த மூன்று வாரம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். மேட்டின் மேல் வேறொன்று நடந்தது. டாக்டர் ஷெட்லி இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். எழுந்தபோது வளர்ப்புதான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். பன்னிரண்டு வருஷம் ஒரே மணத்தில் குட்டிகள், பிறகு எட்டு வாரம் இன்னொரு மணத்தில் குட்டிகள், பக்கத்து அறையில் மணமே இல்லாமல் குட்டிகள்: திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமையாது. தலைமுறை தலைமுறையாக வளர்ப்பை ஆராய்ந்துவந்ததாகக் கட்டுரை தயாரானது. குடும்ப மரத்தை மட்டும் சுவரிலிருந்து இறக்கவில்லை. ஆனால் மார்ஸே அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். பூ எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அத்தர் எப்போது, கழற்றிய தேதி என்ன, எல்லாவற்றையும் அந்த ஊழியர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, நிலையத்தின் முத்திரையோடு வர வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வம்புப் பேச்சு என்றார்.

துர்ரா வந்து ஜீலானியிடம் சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை. பூராவி மாமிசத் துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

"எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். பாவம், டாக்டர்" என்றார் ஜீலானி.

"கிறுக்கா மச்சான் நீங்க?" பூராவி துண்டைக் கீழே வைத்தான், அவன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "தற்காலிகமா இருந்து எழுதினா அது ஒப்புதல் வாக்குமூலம். கதவு சாத்திடும். நிரந்தரமா இருந்து எழுதினா? என்னயவே எடுத்துக்கோங்க. பதினோரு தடவை கண்டிச்சிருக்காங்க. வாசல்ல தூங்கினதுக்கு அஞ்சு, வாசல்ல இல்லாததுக்கு ஆறு. நிரந்தரக்காரன திட்டத்தான் முடியும், தூக்க முடியாது."

"ஆனா தப்பு அப்பவே நடந்துச்சே."

"எப்ப நடந்துச்சுன்னு ஆபீஸ் பாக்காது. எப்ப எழுதியிருக்குன்னுதான் பாக்கும். மொதல்ல நியமனம், அப்புறம் குற்றம். வரிசை முக்கியம் மச்சான்."

ஜீலானி மேட்டுக்குப் போனார். டாக்டர் ஷெட்லி எழுந்து நின்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க ஸீ ஜீலானி. ஒரு சின்னக் கையெழுத்து."

"போடறேன் டாக்டர். உங்க கையெழுத்து மொதல்ல வந்துடட்டும்."

"என்ன, பேரம் பேசறீங்களா?"

"நான் எங்க பேசறேன்? தேதி எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு. ஆனா ஞாபகம் ஒரு மாதிரி பண்ணுது. மனு அப்படியே கிடந்துட்டா எல்லாம் மறந்துடும்போல இருக்கு."

டாக்டர் அவரைப் பார்த்தார். மலைக்காட்டு ஆட்டுக்காரன் என்று நினைத்தவனிடம் இந்த நகரத்துத் தந்திரம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பார்வை கேட்டது. அதற்குப் பதில் அவருடைய புதுக் கட்டுரையிலேயே இருந்தது. இழுப்பறையைத் திறந்து, தூசியைத் தட்டி, கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு வருஷம் நகராத காகிதம் ஒன்பது நாளில் அமைச்சகம் போய்த் திரும்பியது. பத்தாம் நாள் காலை ஜீலானி நிரந்தர ஊழியர். அன்று மத்தியானம் நாலு பக்கத்துக்குத் தேதி வாரியாக எழுதிக் கொடுத்தார். ஒரு தேதிகூட மறக்கவில்லை.

வாக்குமூலத்தில் முத்திரை விழுந்துவிட்டதால், நடவடிக்கை எடுப்பதைத் தவிர நிலையத்துக்கும் வேறு வழியில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த நிலையம் ஜீலானிக்கு எழுதிய முதல் கடிதம். அவர் பிரித்துப் படித்தார். "ஊழியர் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு, ஜீலானி வெஸ்லாத்தி அவர்களுக்கு. நான்காம் விதியைத் தொடர்ந்து மீறி வந்த தங்கள் பொறுப்பற்ற செயலை இந்நிலையம் வன்மையாகக் கண்டிக்கிறது."

மனூபியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "திட்டியிருக்காங்களா?"

"ஆமா. பேர் போட்டு, நம்பர் போட்டுத் திட்டியிருக்காங்க."

அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் முத்திரையின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு போய் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தாள்.

"இன்னொரு தடவை படி, மனுஷா. அந்தக் கண்டிக்கிற இடத்தக் கொஞ்சம் சத்தமாப் படி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்."